பதில் வேட்டு

என் தீவை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அறைக்கு வெளியே எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1940 ஜூலைக் கடைசியில் ஒரு நாள் முழுக்க அதில் உட்கார்ந்து, லண்டனில் ஒரு யுத்த அலுவலகத்தின் நடையில், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆங்கிலேயர்கள் பேசினார்கள். வெளியே நான் என் தொப்பியை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நான் ஆர்மெல் த்ரெவிதிக், பிரெஞ்சுக் கடற்படையில் கேப்டன். பிறந்தது பிரான்சின் வடமேற்கில், பிரிட்டனி கடற்கரையில்; எங்கள் பக்கத்தில் கோபத்தை மென்று விழுங்கும் பழக்கம் கிடையாது. இந்துமாக்கடலில் சாந்த்-ஓபீன் என்ற எங்கள் சின்னத் தீவில் எட்டு வருடம் துறைமுக அதிகாரியாக இருந்தேன். மலை உச்சிவரை கரும்பு போட்டிருப்பார்கள், ஒரு பிடி நெல் விளையாது. ரங்கூனிலிருந்து கப்பல் வந்தால்தான் அடுப்பில் உலை ஏறும். என் மனைவி யூலாலி அந்த மண்ணில் பிறந்தவள். எங்கள் மகள் நோல்வெனுக்கு ஆறு வயது.

நோல்வெனுக்கு மரியாதை வேட்டு என்றால் உயிர். அன்னியப் போர்க்கப்பல் வந்து எங்கள் கொடிக்கு மரியாதையாகச் சுடும்போது என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதைப் பொத்திக்கொள்வாள். எங்கள் கோட்டையிலிருந்து பதில் வேட்டு கிளம்பியதும் கையை எடுத்துவிட்டு, நாம்தான் ஜெயித்தோம் என்பாள். கடைசியாகச் சுட்டவர் ஜெயித்தவர் என்பது அவள் சட்டம். இல்லை என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் ஆங்கிலேயக் கடற்படையோடு தொடர்பு அதிகாரியாக என்னை லண்டனுக்கு அனுப்பினார்கள். ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. பாரிஸை விட்டு ஓடிப்போன கிழட்டு அரசாங்கம் ஜெர்மானியரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நான் போடவில்லை. ஊருக்குப் போக மாட்டேன், இங்கேயே இருந்து சண்டை போடுவேன் என்று தங்கிவிட்ட கொஞ்சம் பேரில் நானும் ஒருவன். ஜூலைத் தொடக்கத்தில், ஜெர்மானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று சொல்லி, எங்கள் கப்பல்களையே ஆங்கிலேயர்கள் சுட்டார்கள். எங்கள் மாலுமிகள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அதன் பிறகு நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் போதும், எல்லாரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

மூடிய கதவுக்குள் இருந்த கமிட்டியின் வேலை, விழுந்துபோன பிரான்சின் கடல்கடந்த உடைமைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடை போடுவது. எது நம் பக்கம் வரும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று அறிக்கை எழுதுவது. இழவு வீட்டில் சாமான் பங்கு பிரிப்பது போல. அதிலும் இழவு விழுந்த வீட்டுக்காரன் வாசலில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான். ரகசியக் காகிதம் எதையும் பிரெஞ்சுக்காரன் கண்ணால் பார்க்கக் கூடாது என்று புது உத்தரவு. சாந்த்-ஓபீனைப் பற்றி அவர்களிடம் இருந்த குறிப்பில் முக்கால்வாசி மே மாதம் நானே எழுதிக் கொடுத்தது. அதையும் நான் பார்க்கக் கூடாது.

அவர்களுக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஹாஸ்கெட் என்ற சுருக்கெழுத்துப் பெண் ஒரு துண்டுச் சீட்டோடு வெளியே வருவாள். கேள்வியை வாசிப்பாள், என் பதிலை எழுதிக்கொண்டு உள்ளே போவாள். எதற்குக் கேட்கிறார்கள் என்று நான் கேட்கக் கூடாது. கேட்டதற்கு மேல் அவள் எழுதக் கூடாது. ஒரு நாட்டை ஆளும் புத்திசாலிகள் கூடி யோசித்துக் கண்டுபிடித்த முறை இது.

முதல் கேள்வி துறைமுகத்தின் ஆழம். சொன்னேன். இரண்டாவது கேள்வி கோட்டையில் எத்தனை பீரங்கி.

“ரெண்டு” என்றேன். “ஆனா ஒரு சிட்டிகை வெடிமருந்து கிடையாது. ஏப்ரல்ல உங்க கப்பல்தான் வழிச்சு எடுத்துட்டுப் போச்சு. எழுதிக்கம்மா.”

அவள் ‘இரண்டு’ என்று எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்திவிட்டாள்.

“மருந்தைப் பத்தி அவங்க கேக்கலையே, கேப்டன் சார்.”

“நான்தான் சொல்றேனே.”

“கேட்டதுக்கு மட்டும்தான் எழுதணும் சார். போன வாரம் ஒரு வரி அதிகமா எழுதிட்டேன்னு கமிட்டித் தலைவர் பிரிகேடியர் கூப்பிட்டுத் திட்டினார்.”

அவள் மேல் கோபப்பட்டு என்ன பயன்? பாவம், இருபது வயது இருந்தால் அதிகம். சீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வெடிமருந்துக் கதையை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பக்கத்தில் ஆங்கிலேயர்களுக்கு ஒரு தீவு உண்டு. அங்கே துறைமுக வாயிலில் ஒரு பாறை பெரிய கப்பல்களுக்குக் குறுக்கே நின்றது. அதைத் தகர்க்க மருந்து போதவில்லை என்று ஏப்ரலில் ஒரு கப்பலில் வந்து கேட்டார்கள். எங்கள் கவர்னர் லெஸ்திரா கோட்டைக் கிடங்கைத் திறந்துவிட்டு, கூட்டாளிக்கு இல்லாததா என்று பீப்பாய்களை மொத்தமாகக் கொடுத்தார். ஒரு மாதத்தில் திருப்பித் தருவதாக நெஞ்சில் கைவைத்துச் சொல்லி வாங்கிப் போனவன் கமாண்டர் லயனல் டாரன்ட். அதே கப்பலில்தான் நானும் ஊரைவிட்டுக் கிளம்பினேன். வழியெல்லாம் அவனோடு சீட்டாடினேன், நண்பனாகிவிட்டோம். அந்த டாரன்ட் இப்போது இதே கமிட்டியில், கதவுக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தான். அதனால் அவன் சொல்லிவிடுவான் என்று நானும் சும்மா இருந்தேன்.

மூன்றாவது முறை ஹாஸ்கெட் வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல் வாசித்தாள். தீவில் எத்தனை வாரத்துக்கு அரிசி இருக்கிறது?

ஆழத்தைக் கேட்பவன் கப்பல் விடுபவன். பீரங்கியைக் கேட்பவன் பயப்படுபவன். அரிசியைக் கேட்பவன் யார்? பதில் சொல்ல மாட்டேன், டாரன்டை வரச் சொல் என்றேன்.

டாரன்ட் வந்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, புகைக்குழாயை எடுத்துத் தட்டிக்கொண்டே, வானம் நன்றாக வெளுத்திருக்கிறதே என்றான்.

“அரிசி எதுக்கு?” என்றேன். “அனுப்பறதுக்கா, நிறுத்தறதுக்கா?”

“அதை உன்கிட்ட சொல்ல எனக்கு அனுமதி இல்ல, ஆர்மெல்.”

“நிறுத்தறதுக்குன்னு சொல்லிட்டே.”

அவன் புகைக்குழாயின் உள்ளே எட்டிப் பார்த்தான். ஆங்கிலேயன் புகைக்குழாய்க்குள் பார்த்தால் ஆமாம் என்று அர்த்தம். பிறகு, அனுமதி இல்லாததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கினான். ஜூலை நடுவில் அவர்களுடைய போர்க்கப்பல் ஒன்று சாந்த்-ஓபீனைக் கடந்து போயிருக்கிறது. தீவின் மனசு எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்காக எங்கள் கொடிக்கு முறைப்படி மரியாதை வேட்டு சுட்டிருக்கிறார்கள். கோட்டையிலிருந்து பதில் வேட்டு வரவில்லை. கொடி மட்டும் மூன்று முறை இறங்கி ஏறியது. கப்பல் நிற்காமல் போய்விட்டது. பதில் மரியாதை மறுக்கப்பட்டது, கொடிக்கயிறு பழுது என்று அந்தக் கப்பல் கேப்டன் தகவல் அனுப்பியிருக்கிறான். அதை வைத்துக்கொண்டு அறிக்கையின் நாலாவது பத்தியில், ‘தீவின் மனப்பாங்கு: பகை’ என்று எழுதிவிட்டார்கள்.

கயிறு பழுதாம்! லெஸ்திராவை எனக்குத் தெரியும். அன்னியக் கப்பல் கேப்டனிடம் போய் என்னிடம் மருந்து இல்லை என்று சொல்வதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வார் அந்த மனுஷன். சுட வழியில்லாமல், கொடியையாவது தாழ்த்தி மரியாதை செய்வோம் என்று மூன்று முறை இறக்கி ஏற்றியிருக்கிறார். இத்தனை பெரிய பூமியில் எவனாவது ஒரு ஊரின் மனசை அது வெடி வெடித்ததா இல்லையா என்று பார்த்து முடிவு செய்வானா? எட்டாயிரம் பேர் இருக்கும் ஊரில் இறங்கி ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“மருந்தை நீதானே எடுத்துட்டுப் போனே?” என்றேன்.

“ஆமா.”

“அதை உள்ள சொன்னியா?”

“சொல்லலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள பிரிகேடியர் ‘ஒத்துக்கிட்டாச்சு’ன்னு பக்கத்தைத் திருப்பிட்டார். ஒத்துக்கிட்ட பத்தியைத் திரும்பத் திறக்கறது இங்க வழக்கமே கிடையாது.”

“ஊர்ச் சோத்தைப் பிடுங்கறது வழக்கமா?”

“இங்க பாரு, நாங்க இப்ப ஏழாவது பத்தியில, அரிசியை நிறுத்தற பத்தியில இருக்கோம். நீ அரிசிக் கணக்கு சொல்லலைன்னாலும் ஒண்ணும் மாறாது. ஆறு வாரம்னு ரங்கூன் வியாபாரி ஒருத்தன் ஏற்கெனவே சொல்லிட்டான். உன்கிட்ட சரிபார்க்கத்தான் கேட்டாங்க.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. நல்லவன்தான் டாரன்ட். அவனைப் போன்ற நல்லவர்களால்தான் இந்த உலகத்தில் இவ்வளவு அக்கிரமம் சத்தமில்லாமல் நடக்கிறது.

நான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். நீள மேஜை. தரைப்படைக்காரர் ஒருவர், விமானப்படைக்காரர் ஒருவர், டாரன்டின் காலி நாற்காலி, நடுவில் தலைவர் பிரிகேடியர் ஃபேன்ஷா. என்னைக் கண்டதும் எல்லார் கையும் ஒரே நேரத்தில் அசைந்தது. மேஜையில் இருந்த காகிதமெல்லாம் குப்புறப் படுத்துக்கொண்டது. என் தீவு, என் துறைமுகம், என் வீட்டு அடுப்பு, எல்லாம் குப்புற.

நின்றுகொண்டே சொன்னேன். வெடிமருந்து எப்படிப் போனது, யார் வாங்கிப் போனார்கள், திருப்பித் தருவதாக யார் சொன்னார்கள், கொடி ஏன் மூன்று முறை இறங்கியது, எல்லாம். என் ஆங்கிலம் அவ்வளவு ஒழுங்காக ஒருநாளும் வந்ததில்லை. என் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். பிரிகேடியர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ரொம்ப நன்றி, கேப்டன். ஆனா இதை நாங்க கேட்டதா வச்சுக்க முடியாது. விதிப்படி நீங்க இந்த அறையில இல்ல.”

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. முகத்தில் உண்மையான வருத்தம். விமானப்படைக்காரர் எழுந்து எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றினார். அறையில் இல்லாத ஆளுக்குத் தேநீர்! கோப்பையை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டேன். டாரன்ட் என் முழங்கையைப் பிடித்து நடைக்குக் கூட்டிவந்தான்.

அதன் பிறகு நான் ஏறி இறங்காத படி இல்லை. என்னைப் போல லண்டனில் தங்கிவிட்ட பிரெஞ்சுக்காரர்களின் தலைமையகத்தில் முறையிட்டேன். அவர்களிடம் கப்பலும் இல்லை, அரிசியும் இல்லை, உட்கார நாற்காலியே பற்றவில்லை. தெரிந்த ஆங்கிலேயர்களையெல்லாம் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆகஸ்டில் ரங்கூனிலிருந்து சாந்த்-ஓபீனுக்குக் கிளம்பிய அரிசிக் கப்பலை நடுக்கடலில் மறித்து வேறு துறைமுகத்துக்குத் திருப்பிவிட்டார்கள். தீவோடு தந்தித் தொடர்பையும் துண்டித்தார்கள். தட்டில் சோற்றைப் பார்த்தால் எனக்குக் கை கூசும். ஆனாலும் சாப்பிட்டேன், ஏனென்றால் பசித்தது. பசி யாருக்கும் காத்திருக்காது என்பது அந்த மேஜையில் இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

டிசம்பரில் மறுபடி கூப்பிட்டார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து கமிட்டி நிலவறைக்கு இறங்கியிருந்தது. அங்கேயும் கதவுக்கு வெளியே என் மெத்தை நாற்காலி. அதைப் படி இறக்கிக் கொண்டுவர மட்டும் மறக்கவில்லை.

நான் உட்காருவதற்குள் டாரன்ட் வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. சாந்த்-ஓபீன் நம் பக்கம் வந்துவிட்டது என்றான். போன வாரம் அதே போர்க்கப்பல் மறுபடி போய் வேட்டு சுட்டது. இந்த முறை கோட்டையிலிருந்து பதில் வேட்டு வந்தது. கப்பல் உள்ளே போய் அரிசி இறக்கியது. தீவின் மனப்பாங்கு நட்பு என்று பதிவாகிவிட்டது.

“மருந்து ஏது?” என்றேன்.

அதுதான் வேடிக்கை என்று சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டான். துறைமுகத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் சீனர் அ-சாங் புத்தாண்டுக்காக வாங்கி வைத்திருந்த பட்டாசுகள். கடையில் அரிசி, பருப்பு, உப்புக்கண்டம் எல்லாம் துடைத்துப்போய், மிஞ்சிய சரக்கு அது ஒன்றுதான். தூரத்தில் கப்பல் தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் கோட்டைத் திண்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டாசாகப் பிரித்து மருந்தைக் கொட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நிற்கத் தெம்பில்லாதவர்களும் உட்கார்ந்தபடி பிரித்தார்களாம். எங்கள் ஜனம் ஜூலையில் என்ன மனசோடு இருந்ததோ, டிசம்பரிலும் அதே மனசோடுதான் இருந்தது. நடுவில் பட்டினி கிடந்ததுதான் மிச்சம். ஆனால் உள்ளே இருக்கும் புத்திசாலிகள் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? அரிசியை நிறுத்தியதால் தீவின் மனம் மாறியது, முறை பலித்தது என்று. டாரன்டே சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு, உன் மனைவியைக் கப்பல் அதிகாரி ஒருவர் பார்த்தார், நலமாக இருக்கிறாள், மெலிந்திருக்கிறாள், உன்னைக் கேட்டாள் என்றான். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நான் காத்திருந்தேன். அவன் புகைக்குழாயை எடுத்தான். அதை நிரப்பவில்லை, பற்றவைக்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தான்.

கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காமல் இருந்துவிட்டால் ஒரு பதிலும் வராது, எல்லாம் இருந்தபடி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது.

“என் பொண்ணு?” என்றேன்.

“அக்டோபர்ல” என்றான் டாரன்ட். “காய்ச்சல்னு சொன்னாங்க. ஊர்ல நிறைய குழந்தைங்களுக்கு வந்துதாம், ஆர்மெல். உடம்புல தாங்கற சத்து இல்ல.”

“அது காய்ச்சல் இல்ல, டாரன்ட். உங்க ஏழாவது பத்தி.”

எனக்கு அழுகை வரவில்லை. அது பிற்பாடு, வேறு இடத்தில் வந்தது. அப்போது எனக்கு இருந்தது ஒரே எரிச்சல். பதில் வேட்டு கிளம்பியபோது, ஜெயித்தோம் என்று சொல்ல அவள் அங்கே இல்லை. அத்தனை சத்தமும் யாருக்காகப் போட்டார்கள் என்று இருந்தது. டாரன்ட் என் தோளைத் தொட வந்த கையை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஹாஸ்கெட், கையில் சீட்டு. எங்களுக்கு வடக்கே உள்ள இன்னொரு பிரெஞ்சுத் தீவின் பெயரைச் சொன்னாள். நான் அங்கேயும் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். பெரிய தீவு.

“மன்னிச்சுக்குங்க, கேப்டன் சார்” என்றாள். “அங்க எத்தனை வாரத்துக்கு அரிசி இருக்கும்னு கேக்கறாங்க.”

நான் எழுந்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். கனமான நாற்காலி. அதன் காலாலேயே கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே போனேன். எல்லார் கையும் அசைந்தது, காகிதமெல்லாம் குப்புறப் படுத்தது. மேஜையில் தரைப்படைக்காரருக்கும் பிரிகேடியருக்கும் நடுவில் இடித்துத் தள்ளி என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

பிரிகேடியர் ஃபேன்ஷா தொண்டையைச் செருமினார்.

“கேப்டன், முன்னாடியே சொல்லியிருக்கேன். நீங்க இந்த அறையில இல்ல.”

“சரி” என்றேன். “இல்லாத ஆளை வெளிய போன்னு எப்படிச் சொல்வீங்க?”

அதற்கு அவர்களிடம் விதி இல்லை. தரைப்படைக்காரர் பிரிகேடியரைப் பார்த்தார். பிரிகேடியர் சுவரைப் பார்த்தார். விமானப்படைக்காரர் தேநீர்க் கெண்டியின் பக்கம் கையை நீட்டி, நல்லவேளையாக மனதை மாற்றிக்கொண்டார்.

“சாந்த்-ஓபீன் அறிக்கையில நாலாவது பத்தி” என்றேன். “அதைத் திறங்க.”

“அது ஒத்துக்கிட்ட பத்தி” என்றார் பிரிகேடியர்.

மேஜைக் கோடியில் நாற்காலி உராயும் சத்தம் கேட்டது. டாரன்ட் எழுந்து நின்றிருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“நான் ஒத்துக்கல சார்” என்றான். “அந்த மருந்தை ஏப்ரல்ல எடுத்துட்டுப் போனது நான். திருப்பித் தர்றேன்னு சொல்லிட்டுத் தராமப் போனதும் நான். அந்தக் கோட்டையால சுட முடியாதுன்னு இங்க உக்காந்திருந்தப்பவே எனக்குத் தெரியும்.”

ஐந்து மாதம் கழித்து. ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஒரு நல்ல மனிதனுக்கு ஐந்து மாதமும் என் மகளும் தேவைப்பட்டார்கள். அவனை நான் மன்னித்தேனா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. ஆனால் அவன் எழுந்து நின்றான், அதையும் மறைக்க மாட்டேன்.

ஹாஸ்கெட் கதவருகில் பென்சிலோடு நின்றாள். ஒருவரும் கேட்காமலேயே டாரன்ட் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தாள். கடைசியில் பிரிகேடியர் தன் முன்னால் குப்புறக் கிடந்த காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, நானும் பார்க்கும்படி வைத்தார். மேலே அந்தப் பெரிய தீவின் பெயர். கீழே ஏழாவது பத்தி முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டு, அரிசி என்று எழுதி, வாரக் கணக்குக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

“இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“அங்க எத்தனை குழந்தைங்க இருக்குன்னு முதல்ல கேளுங்க” என்றேன்.